வண்ண மீன்களுக்குக் குடல்புழு

கப்பி, மோலி வளர்ப்போர் மீனின் மலத்துவாரத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு நூல் போல் நீட்டிக்கொண்டிருந்தால் அது காமலானஸ் என்னும் குடல்புழு. இது குடலைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். மீன் தீனி தின்றும் மெலியும். ஒரு மீனில் கண்டால் தொட்டி முழுவதற்கும் மருந்திடுக. அம்மீன்களை விற்க வேண்டாம்.

ஆடுகளுக்குக் கொடுக்கும் லெவமிசோலே இதற்கும் மருந்து. வேறு மருந்து கலவாததாக வாங்கவும். 1,000 லிட்டர் நீருக்கு லெவமிசோல் 2 கிராம் சேரும்படி, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கரைக்கவும். வெளிச்சம் படாமல் மூடி, காற்றுக் குழாய் போட்டு 24 மணி நேரம் வைக்கவும். புழுக்கள் முடங்கி வெளியேறும். உடனே அடிக்கசடை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரை மாற்றவும். 3 வாரம் கழித்து மீண்டும் செய்க. உண்ணும் மீனுக்கு இது ஆகாது.