லைசென்ஸ் ஏஜென்சிக்கு, பழி வாட்ச்மேனுக்கு

மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் பலருடைய பையில் சாப்பாட்டு டப்பாவோடு மடித்துவைத்த யூனிஃபார்ம் சட்டையும் இருக்கும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூர்தான் படியளக்கிறது. அங்கே கிடைக்கும் வேலைகளில் படிப்பையோ முன்அனுபவத்தையோ அதிகம் கேட்காதது செக்யூரிட்டி வேலை. காலையில் பெயர் கொடுத்தால் இரவே டூட்டி கிடைத்துவிடும். ஆனால் சட்டப்படி அப்படிச் சேர்க்கவே கூடாது. பயிற்சி முடிக்காத ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது ஏஜென்சி செய்யும் மீறல். அதன் விலையைக் கொடுப்பவரோ வாசலில் நிற்கும் மனிதர். ஆகவே பயிற்சி விதியை வாடிக்கையாளரின் நிம்மதிக்கான ஏற்பாடாக மட்டும் பார்த்தால் போதாது, தொழிலாளி கேட்டுப் பெறவேண்டிய உரிமையாகவும் பார்க்க வேண்டும்.

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005இல் வந்தது. மத்திய அரசு 2006இல் மாதிரி விதிகளைத் தந்தது. கர்நாடகம் 2008இல் தன் விதிகளை வகுத்தது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் ஏஜென்சி நடத்தக் கூடாது. நடத்தினால் 20ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலர் 18 வயது நிறைந்தவராகவும் 65 வயதைத் தாண்டாதவராகவும் இருக்க வேண்டும். குறித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எவ்வளவு என்பதை மாதிரி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னாள் போலீசாருக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் கொண்ட சுருக்கமான பாடம். அதற்குமேல் 12 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர், ஆட்கள் வெவ்வேறு இடங்களில் சிதறி நின்றால் 6 பேருக்கு ஒருவர். பயிற்சி கிடைக்கச் செய்யும் பொறுப்பை 9ஆம் பிரிவு ஏஜென்சியின் தலையில்தான் வைக்கிறது; “நீங்களே கற்றுக்கொண்டு வாருங்கள்” என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

கேட் திறந்து மூடுவதற்கு 160 மணி நேரப் பயிற்சியா என்று கேட்பவர்கள் உண்டு. பாடத்திட்டத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள ஆவணங்களைச் சோதித்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், தற்காப்பு உரிமை, போலீஸ் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியும் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. நள்ளிரவில் அப்பார்ட்மெண்டில் சைக்கிள் திருட வந்த ஒரு பையனைக் காவலர் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து அவனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள், விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். காவலருக்குப் போலீசின் அதிகாரம் எதுவும் கிடையாது. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள உரிமை மட்டுமே அவருக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்தவரையோ, நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்தவரையோ மட்டுமே தனிநபர் பிடிக்கலாம். தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த 6 மணி நேரக் கெடு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லாதது. இது தெரியாத காவலர், அடித்தவர்கள் மாடிக்குப் போய்விட்ட பிறகு வழக்கில் தனியாக மாட்டுவார். திருட்டு நடந்தால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான் விழுகிறது. எந்த நேரத்தில் யார் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதக் கற்றவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ள ஓர் ஆதாரமாவது கையில் இருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இருபது நாள் சம்பளமில்லாமல் உட்கார ஏழைக்கு முடியாது, விதியை இறுக்கினால் இருக்கும் ஒரே கதவும் அடைபடும் என்கிறார்கள். கஷ்டம் உண்மை. ஆனால் அந்தக் கஷ்டத்தைத் தொழிலாளி சுமக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆள் அனுப்பிக் கமிஷன் பார்க்கும் நிறுவனம் ஏற்கவேண்டிய செலவு அது. அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும் குடியிருப்பு அசோசியேஷனும் கம்பெனியும் விலையில் பங்கேற்க வேண்டிய செலவு. பயிற்சி இல்லாமல் கிடைக்கும் வேலை பயிற்சி இல்லை என்பதாலேயே மலிவாக இருக்கிறது. அந்த மலிவில்தான் பன்னிரண்டு மணி நேர டூட்டி, ரிலீவர் வராத இரவுகள், யூனிஃபார்முக்கென்று பிடித்தம் எல்லாம் பிழைத்துக்கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் நாளைக்கே நின்றுவிடலாம் என்ற நிலையில், நிற்பவர் சம்பள உயர்வை எந்த முகத்தோடு கேட்பார்?

சட்டத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. இது ஏஜென்சிகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது; வீட்டுக்காரரோ அசோசியேஷனோ நேரடியாக வைத்துக்கொள்ளும் வாட்ச்மேன் இதன் வளையத்துக்கு வெளியே நிற்கிறார். வயது வரம்பும் அப்படித்தான். சுரங்கம் மூடியபோது 40 வயதில் இருந்தவர் இன்று 65ஐத் தொடுகிறார். ஓய்வூதியம் போதாமல் அவர் தொடர்ந்து நின்றால், அடையாள அட்டையும் பதிவேடும் இல்லாத நிழல் வேலைக்குத்தான் போவார். முறையான லைசென்ஸ் பெற்ற ஏஜென்சிகள் விலையேற்றினால் சிலர் இந்த நிழலுக்குள் நகர்வார்கள் என்பதை மறுக்க முடியாது. அதற்கு மருந்து, வாட்ச்மேனை நேரடியாக வைத்துக்கொள்ளும் பெரிய குடியிருப்புகளுக்கும் இதே பயிற்சிக் கடமையை விதிப்பது. விதியைத் தளர்த்தினால் ஓட்டைதான் பெரிதாகும்.

அடிப்படைக் கோளாறு ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 2001 சட்டப்படி லைசென்ஸ் காவலர் பெயரில். பயிற்சி முடித்துத்தான் வாங்க முடியும். ஏஜென்சி மாறினாலும் அது அவரோடு போகும். சிங்கப்பூரில் காவலரின் பயிற்சித் தகுதியையும் சம்பளப் படிநிலையையும் 2016 முதல் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கிறார்கள்; தகுதி ஏறினால் கூலி ஏறும். நம்மிடம் லைசென்ஸ் முதலாளியின் சுவரில் தொங்குகிறது, காவலருக்கு மிஞ்சுவது பயிற்சிச் சான்றிதழும் அடையாள அட்டையும்தான். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புதிய மாதிரி விதிகள், பின்னணியைச் சரிபார்க்கப் போலீசின் மின்னணுக் குற்றப் பதிவேடுகளைப் பயன்படுத்த வழிசெய்தன. காவலர் குற்றவாளியா என்று கணினியில் தேட வழி இருக்கிறது. அவருக்கு ஏஜென்சி பயிற்சி கொடுத்ததா என்று வாடிக்கையாளரோ தொழிலாளியோ அதே வேகத்தில் பார்க்கவும் வழி வேண்டும். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தங்கவயலுக்கு இந்த ஒருதலைச் சோதனை பழக்கமானதுதான். தொழிலாளியைச் சோதிக்கும் ஏற்பாட்டை எவரும் எளிதில் செய்துவிடுகிறார்கள், முதலாளியைச் சோதிப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

விதி மாறும்வரை, இருப்பதைப் பயன்படுத்தலாம். வேலைக்குச் சேரும் நாளிலேயே ஏஜென்சியின் லைசென்ஸ் எண்ணையும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். புகைப்பட அடையாள அட்டை ஏஜென்சி தரவேண்டியது. போலீஸ் அல்லது ராணுவ உடுப்பைப் போன்ற யூனிஃபார்மைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அதை அணிந்தால் ஏஜென்சி உரிமையாளரோடு அணிந்தவருக்கும் தண்டனை உண்டு. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் யு.ஏ.என். என்னும் உங்கள் கணக்கு எண்ணை வாங்கி, பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள். குறைந்தபட்சக் கூலி, வைப்பு நிதி, பணிக்கொடை போன்ற சட்டங்களை ஏஜென்சி மீறினால் அதுவே லைசென்சை ரத்து செய்யக் காரணமாகும் என்று 2005 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்குத் தெரியாத ஆயுதம் இது: சம்பளப் புகாரைத் தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும்போதே, அதன் நகலை உள்துறையின் கீழ் இயங்கும் லைசென்ஸ் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சில ஆயிரம் ரூபாய் பாக்கியை அலட்சியப்படுத்தும் ஏஜென்சிகூட லைசென்ஸ் போகும் என்றால் யோசிக்கும். ஏஜென்சி கைவிரித்தால், ஒப்பந்தத் தொழிலாளரின் சம்பளத்துக்கு அவரை வேலைக்கு வைத்த கம்பெனியும் பொறுப்பு.

திருட்டு வழக்கில் போலீஸ் அழைத்தால், சாட்சியாகவா சந்தேகத்திலா என்று கேளுங்கள். நோட்டீஸை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும், சாட்சி விசாரணைக்காக அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று புதிய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. கைது செய்தால் வீட்டாருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், கோலார் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தையும் அணுகலாம். பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், காவலில் வைக்கப்பட்டவர்களும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச உதவி பெறலாம். மனுவோடு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, டூட்டி ரிஜிஸ்டரின் செல்போன் படம் மூன்றும் இருந்தால், நீங்கள் அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று ஏஜென்சி சாதிப்பது கடினம்.