பாட்டு மோசமா, பாடகர் மோசமா?

திருவனந்தபுரம் நகரத்துச் சாயாக் கடைகளில் அரசியலுக்கு அடுத்தபடி ஓயாமல் நடப்பது பாட்டு விவாதம். ஜேசுதாஸா ஜெயச்சந்திரனா என்று மலையாளப் பெரியவர்கள் கேட்பார்கள். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் நம்மவர்கள் கூடினால் டி.எம்.எஸ்.ஸா எஸ்.பி.பி.யா என்று கிளம்பிவிடும். இவர்களுடைய பிள்ளைகளின் விவாதமோ வேறு. பேய் முகம் அச்சிட்ட கறுப்புப் பனியனோடு நிற்கும் அந்தப் பையன்கள், 'அயர்ன் மெய்டன்' என்ற ஆங்கிலேயக் கோஷ்டியின் பாட்டுகளில் மிக மட்டமானது எது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். நல்ல பாட்டு எது என்பதில் சண்டை இல்லை. மட்டமானது எது என்பதில்தான் சண்டை!

ஹெவி மெட்டல் என்றால் கிடாரும் டிரம்மும் காதைப் பிளக்கும் சங்கீதம். கேரளத்துக்கு இது புதிதல்ல. கொச்சியிலிருந்து வந்த '13 ஏ.டி.' கோஷ்டி 1990-லேயே சொந்தமாக ஆங்கிலப் பாட்டுத் தொகுப்பு வெளியிட்டது. 2007 மார்ச் 17-ல் அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடியபோது, இங்குள்ள ரசிகர்களுக்கு ஐலண்டு எக்ஸ்பிரஸ் இருக்கவே இருந்தது.

கோஷ்டியை 1975-ல் லண்டனில் தொடங்கியவர் ஸ்டீவ் ஹாரிஸ். கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். பிறகு தெருக்கூட்டும் வேலையும் செய்தவர். பாஸ் கிடார் வாசிப்பவரும், பெரும்பாலான பாட்டுகளை எழுதுகிறவரும் அவரே. அவர் நிலையாக இருக்க, பாடகர்கள் மாறினார்கள். 1980, 1981 இசைத்தட்டுகளில் பால் டியானோ. 1982 தட்டிலிருந்து புரூஸ் டிக்கின்சன். அவர் 1993-ல் விலகியதும் பிளேஸ் பேலி. 1999-ல் மீண்டும் டிக்கின்சன்.

டியானோவின் கரகரத்த குரலைப் பற்றி அதிகம் சண்டை வருவதில்லை. 2024 அக்டோபரில் அவர் காலமான பிறகு குறை சொல்வோர் இன்னும் குறைந்துவிட்டனர். சண்டையெல்லாம் மற்ற இருவரைப் பற்றித்தான்.

பேலியின் எதிரிகள் முதலில் எடுத்துப் போடுவது 1998-ல் வந்த 'தி ஏஞ்சல் அண்டு தி கேம்ப்ளர்'. ஏறத்தாழ பத்து நிமிஷம் ஓடும் பாட்டு. ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வந்து கேட்பவர் பொறுமையைச் சோதிக்கிறது. சரி, அதை எழுதியது யார்? ஹாரிஸ். பல்லவியை அத்தனை முறை பாட வைத்தது பாடகரின் குற்றமா என்று பேலி கட்சியினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

டிக்கின்சன் கணக்கிலும் மட்டம் இல்லாமல் இல்லை. 1983-ன் 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' பாட்டில் மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் உலாவுகிறார்கள். பள்ளிப் பையன்கூடச் சிரிப்பான். டிக்கின்சன் ஒரு சினிமாவுக்காகத் தனியாகப் பாடிய 'பிரிங் யுவர் டாட்டர்' பாட்டுக்கு, அமெரிக்காவில் மோசமான சினிமாப் பாட்டுக்கென்று அந்நாளில் கேலியாகத் தரப்பட்ட ராஸ்பெரி விருது கிடைத்தது. அதையே கோஷ்டி மறுபடி பதிவு செய்ய, 1991 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது! 1982 தட்டிலுள்ள 'கேங்லாண்டு' கதை இன்னும் வேடிக்கை. அதற்குப் பதில் 'டோட்டல் எக்ளிப்ஸ்' என்ற பாட்டைச் சேர்த்திருக்கலாம் என்று ஹாரிஸே சொல்லி வந்தார். 40 ஆண்டு கழித்து, 2022-ல் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டபோது 'கேங்லாண்டு' நீக்கப்பட்டு மற்றது ஏறியது.

இத்தனை இருந்தும் பழி பெரும்பாலும் பேலி தலையில்தான் விழுகிறது. இதற்குக் காரணம் சுருதி. நம் பழைய நாடக மேடையில் ஐந்து கட்டைக்குப் பாடியவர் இடத்தில் இரண்டு கட்டைச் சாரீரக்காரரை நிறுத்தினால் என்ன ஆகும்? டிக்கின்சன் உச்ச ஸ்தாயிக்காரர். பேலியின் குரல் கனத்த, கீழ்ஸ்தாயிக் குரல். கோஷ்டி சுருதியை இறக்கிக் கொடுக்கவில்லை. முன்னவருடைய பாட்டுகளை முன்னவருடைய சுருதியிலேயே ஊர் ஊராகப் பாடினார் பேலி. குரல் கெட்டு, சில கச்சேரிகள் ரத்தாயின. பேர்பெற்ற ஒருவர் இருந்த நாற்காலியில் மாற்றலாகி வந்து உட்கார்ந்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இந்தச் சங்கடம் விளங்கும். பழைய ஃபைலும் அவருடையது, பழைய முறையும் அவருடையது. தவறு மட்டும் புதிதாக வந்தவனுடையது.

பேலி காலத்தில் உருவான 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் பின்னால் டிக்கின்சன் பாடினார். 2001-ல் ரியோ டி ஜெனிரோ மேடையில் பதிவான அந்த வடிவத்தை, பேலியை ஏசியவர்களும் கொண்டாடுகிறார்கள். பாட்டு அதே பாட்டுதான். எனவே அந்த ஆண்டுகளில் சரக்கு வறண்டுவிட்டது என்ற வாதம் நிற்காது. ஆனால் 'கிராஸ்' பாட்டின் இருண்ட தொடக்கத்துக்குப் பேலியின் கனத்த குரலே பொருந்துகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர்கள் பக்கமே சாயத் தோன்றுகிறது.

பேலி இப்போது சொந்தக் கோஷ்டியோடு சிறிய அரங்குகளில் பாடி வருகிறார். 2023-ல் மாரடைப்பு வந்து இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. தேறி எழுந்ததும் மறுபடி மேடை ஏறிவிட்டார்.