கோணமலைக்கு ஒரு நாள்

சுற்றுலா என்ற சொல் எமது கிராமத்துப் பெண்களுக்கு உரியதல்ல என்றே பலரும் நினைக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் போவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்கள் வான் பிடித்துக்கொண்டு போவார்கள். யுத்தத்தில் கணவனை இழந்தவளும், காணாமற்போன பிள்ளையைத் தேடுபவளும் போகும் இடங்கள் வேறு. பிரதேச செயலகம், வைத்தியசாலை, நீதிமன்றம், விசாரணைக்கு அழைத்த ஆணைக்குழு என்று அந்தப் பட்டியல் நீளும். பயணம் என்றாலே கையில் ஒரு கோப்பு இருக்கும்.

வன்னியில் நான் பணிபுரியும் ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்தில் 27 பேர் இருக்கிறார்கள். 2023 ஆம் ஆண்டு அவர்களது வாராந்தச் சேமிப்பில் கொஞ்சம் வட்டிப் பணம் மிஞ்சியது. என்ன செய்யலாம் என்று கூட்டத்தில் கேட்டோம். சிலர் கதிரை வாங்கலாம் என்றார்கள். அப்போது வயதில் மூத்த ஓர் அம்மா, "ஒருக்காத் திருகோணமலைக்குப் போவம் பிள்ளை. கோணேசரையும் கும்பிட்டு, கடலிலையும் காலை நனைச்சுக்கொண்டு வருவம்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா கேட்டார்: "புருசன் இல்லாத நாங்கள் ஊர் சுத்தப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

சமூகவியல் படித்த காலத்தில், ஓய்வு என்பது எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது விளங்கியது. ஆண்கள் சந்தியில் இருந்து கதைத்தால் அது பொழுதுபோக்கு. பெண் ஒரு நாள் வெளியே போனால் அதற்குக் காரணம் சொல்லவேண்டும். இரண்டு கூட்டங்கள் இதைப் பற்றியே கதைத்தோம். கடைசியில் ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை அதிகாலை, புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை போகும்போது, நகருக்குச் சில கிலோமீற்றர் முன்பாகவே கன்னியா வந்துவிடும். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறிய கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஏழிலும் வெந்நீர், ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளினூடே பூமியின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடாகி, மீண்டும் மேலே வருவதே இதற்குக் காரணம். வாளியால் அள்ளிக் குளிக்கலாம்.

இராவணன் தன் தாயின் ஈமக்கிரியைக்காக நிலத்தில் வாளால் ஏழு இடங்களில் குத்தியபோது நீர் பொங்கியது என்பது ஐதீகம். அதனால் இறந்தவர்களுக்கான கடன் செய்ய மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வருகிறார்கள். 2019 இல் இவ்விடம் தொடர்பாக எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை போனது. பலருக்கும் இது எவ்வளவு நெருக்கமான இடம் என்பதற்கு அதுவே சான்று.

இந்த ஐதீகத்தை நான் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு யோசித்தேன். ஏனெனில் எம்மில் ஆறு பேருக்குக் கடன் செய்வதா விடுவதா என்பதே முடிவாகாத கேள்வி. 2009 இல் மகனைக் கையளித்த ஒரு அக்கா கிணற்றடிக்கு வந்தும் தண்ணீரைத் தொடவில்லை. "குளிச்சால் அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற பெண், "அக்கா, நான் வெறும் குளிப்புத்தான் குளிக்கிறன். முழங்கால் நோவுக்கு நல்லதாம். நீங்களும் காலுக்கு மட்டும் ஊத்துங்கோ" என்றார். அந்த அக்கா சிரித்துவிட்டார். காலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார்.

கோட்டைக்குள்ளே கோணேசர்

கோணேசர் கோயில் சுவாமிமலையின் உச்சியில், கடலுக்கு மேலே 300 அடிக்கும் கூடிய உயரத்தில் இருக்கிறது. 7 ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம் இது. குளக்கோட்டன் என்ற மன்னன் திருப்பணி செய்ததாகக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் கூறுகிறது.

இன்று நாம் காணும் கோயில் பழைய கோயில் அல்ல. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் மீன் சின்னம் பொறித்த கற்களை இன்றும் காணலாம். 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782 இல் ஆங்கிலேயரும், அதே ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தார்கள். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795 இல் ஆங்கிலேயரிடம் வந்தது. அவர்களின் இளவரசர் ஒருவரது பெயரால் இது பிரட்றிக் கோட்டை ஆனது.

இடித்த கோயிலின் சிலைகளை அடியார்கள் மண்ணில் புதைத்து மறைத்தார்கள் என்று சொல்வார்கள். 1950 இல் நகரில் கிணறு வெட்டியபோது வெண்கலச் சிலைகள் வெளிவந்தன. 1950களில் கடலுக்கு அடியிலும் பழைய கோயிலின் தூண்களைச் சுழியோடிகள் கண்டார்கள். "2001" கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்களில் ஒருவர். புதிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963 இல் நடந்தது.

கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள்ளால்தான். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. வாசலைக் கண்டதும் பஸ்ஸுக்குள் இருந்த பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். இன்னொருவர் தன்னை அறியாமலே அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே போனதும் புள்ளிமான்கள் பயமில்லாமல் வீதியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மான் எங்கள் பக்கம் வந்து கச்சான் சரையை முகர்ந்தது. அதோடுதான் மூச்சு வந்தது.

மேலே ஒரு மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்குகின்றன. சாதி, மதம், மொழி பார்க்காமல் பெண்கள் கட்டிய தொட்டில்கள் அவை.

பாய்ந்த பெண்ணின் கதை

சுவாமிமலையின் செங்குத்தான பகுதியை எமது மக்கள் இராவணன் வெட்டு என்பார்கள். ஆங்கிலேயர் அதைக் காதலர் பாய்ச்சல் என்றார்கள். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போவதைக் கண்டு 1687 இல் இங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்பது கதை. அவள் பெயரில் ஒரு தூணும் உண்டு.

கதை அவ்வளவுதான் என்று பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒல்லாந்தரின் பழைய பதிவுகளைப் பின்னாளில் பார்த்தவர்கள், அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து திருமணம் செய்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "பாயாமல் விட்டது நல்ல வேலை" என்றார் ஒருவர். கம்பி வேலியைப் பிடித்தபடி நீண்ட நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், நானும் ஒருக்கா அப்பிடி நினைச்சனான். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு அண்டைக்குப் போகேல்லை."

அந்தப் பிள்ளை இப்போது சாதாரண தரம் படிக்கிறது. அவளோடு நான் பிறகும் பல நாட்கள் பேசினேன். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் சேர்ந்து போனோம். ஒரு நாள் வெளியே வந்ததால்தான் பல வருடம் உள்ளே கிடந்த அந்தச் சொல் வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

பெயர் எழுதிய கல்லறைகள்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இத்தனை நாட்டவர் அடிபட்டதும் இதற்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படைக்கு இது முக்கிய தளம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு போட்டன. அந்தப் போரில் இறந்தவர்களின் மயானம் நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கிறது. சுமார் 300 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசையாக.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அங்கு போனோம். கல்லில் பெயர், வயது, இறந்த திகதி எல்லாம் உண்டு. ஒரு அம்மா இருபது வயதுப் பையனின் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, ஆங்கில எழுத்தை விரலால் தடவினார். "ஆற்றையோ பிள்ளை. எண்பது வருசமாப் பாக்கினம் என்ன?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

திருகோணமலையும் எம்மைப் போலவே இழந்த நகரம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரைகளை அடித்துச் சென்றது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்றைக்கு அதே கடற்கரையில் மாலையில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அருகருகே இருந்து கடலை பார்க்கின்றன. மறந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் கரையை விட்டுக்கொடுக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கடலில் கால் நனைத்தோம்

உப்புவெளிக் கடல் அந்தப் பருவத்தில் குளம் போல இருக்கும். முதலில் கணுக்கால் வரை என்றார்கள். பிறகு முழங்கால். பிறகு சேலையோடேயே இடுப்பு வரை இறங்கிவிட்டார்கள். "சனம் என்ன கதைக்கும்" என்று கேட்ட அதே அக்காதான் கடைசியாகக் கரையேறினார். மாற்றுடுப்பு கொண்டுவராததால் அவர் ஈரச் சேலையோடேயே ஊர் வந்து சேர்ந்தார்.

திருகோணமலைக்குப் போவோம் என்று முதலில் சொன்ன அம்மா தண்ணீரில் இறங்கவில்லை. அவர் பிறந்ததே இந்த நகரத்தில் என்பதும், 1990 இல் இடம்பெயர்ந்த பின் திரும்பி வரவேயில்லை என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் பஸ்ஸை நிற்பாட்டச் சொன்னார். தான் படித்த பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், அப்பா மீன் வாங்கிய சந்தை எந்தப் பக்கம் என்று கை காட்டினார். தன் வீட்டடிக்கு மட்டும் போகவேண்டாம் என்றார். "அது அடுத்தமுறைக்கு இருக்கட்டும் பிள்ளை."

போக விரும்பும் சகோதரிகளுக்கு

கிழக்குக் கடல் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். ஐப்பசி முதல் மாரி மழையும் அலையும் கூடுதல். அப்போது கடலில் இறங்கவேண்டாம். விடியமுன் புறப்பட்டால் கன்னியா, கோணேசர், மயானம், கடற்கரை நான்கையும் ஒரே நாளில் பார்க்கலாம். நிலாவெளிக்கு அப்பால் கடலில் உள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவானது. பவளப் பாறைகளும் வண்ண மீன்களும் உண்டு. அதற்குப் படகுக் கூலியும் நுழைவுக் கட்டணமும் வேறாக வேண்டும். நாங்கள் போகவில்லை. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் செலவு பாதியாகும். அடையாள அட்டை, மாற்றுடுப்பு, குளிசை பாவிப்பவர்கள் குளிசை, இவற்றை மறக்கவேண்டாம்.

ஊர் திரும்பிய பின் சனம் கதைத்தது உண்மைதான். கதைத்தவர்களில் இருவர் அடுத்த மாதமே சங்கத்தில் சேர்ந்தார்கள். "அடுத்த வருசம் எங்கை?" என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. மட்டக்களப்பு என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, ஆளுக்கு வாரம் இருபது ரூபாய் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினோம்.