செட்டையைப் பிடித்திருக்கும் பின்

வன்னியில் ஹெலியைக் கண்ணால் காணாமல் சத்தத்தாலேயே அறிபவர்கள் ஏராளம். போர்க்காலத்தில் அதைக் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய அதே மக்கள், வெள்ளம் வீதியை அறுக்கும் மாரியில் அதே சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியும் வரலாம். இலங்கை விமானப்படையிடமுள்ள பெல் 212 எழுப்பும் 'டப் டப்' ஒலி, அதன் இரண்டே இரண்டு அகன்ற செட்டைகளின் ஒலி.

நுனிக்கு நுனி ஏறத்தாழ 14.6 மீற்றர், நிமிடத்துக்குச் சுமார் 324 சுற்று. அப்படியென்றால் செட்டை நுனியின் வேகம் மணிக்கு 890 கிலோமீற்றர். 100 கிலோ எடையொன்றை நடுவிலிருந்து 4 மீற்றர் தள்ளி வைத்து இதே வேகத்தில் சுழற்றினால், அது வெளியே இழுக்கும் விசை 47 தொன் பாரத்துக்குச் சமம். இத்தகைய இழுவையைத் தாங்கிச் செட்டையை நடுக்குடத்தோடு பிடித்திருப்பவை வலிய பட்டிகளும் அவற்றைக் கோக்கும் உலோகப் பின்களும்தான். பெல் 212க்கு எஞ்சின் இரண்டு. ஒன்று நின்றால் மற்றது இருக்கிறது. இரண்டுமே நின்றாலும், கீழிருந்து வரும் காற்றில் சுழலியைச் சுற்றவிட்டுத் தரையிறக்க வழியுண்டு. பின் முறிந்தால் வழியே இல்லை. இத்தகைய பாகங்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்கும் ஏற்பாட்டின் நியாயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முன்னோக்கிப் பறக்கையில் ஒவ்வொரு சுற்றிலும் செட்டை ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. மணித்தியாலத்துக்கு 19,440 தடவை! வேலிக்கம்பியை மடக்கி மடக்கி முறிப்போமே, உலோகம் களைப்பதும் அப்படித்தான். ஆனால் இங்கே வளைவு கண்ணுக்கே தெரியாதளவு சிறியது, தடவைகளோ கோடிக்கணக்கு. முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்று உலோகத்தில் நுண்குழிகளை அரிக்கும். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கும். கோடையில் இரணைமடுப் பக்கத்துச் செம்மண்தூசு செட்டையின் முன்விளிம்பைத் தேய்க்கும்.

வெடிப்பைத் தேடும் முறைகளில் ஒன்று அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. பாகத்தைத் துப்புரவாகக் கழுவி, சிவப்புச் சாயம் பூசி ஊறவிடுவார்கள். பிறகு மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். வெடிப்பு இருந்தால், அதற்குள் புகுந்த சாயம் கசிந்து வெள்ளையில் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடாகத் தெரியும்.

முக்கியமான பாகங்களுக்கு ஆயுள் மணித்தியாலக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். முடிந்ததும், பார்வைக்குப் புத்தம் புதிதாயிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு மட்டும் போதாது. 2021 ஜூனில் கனடாவின் அல்பேர்ட்டாவில் ஒரு பெல் 212இன் பின் முறிந்து, செட்டை கழன்று, விமானி இறந்தார். அந்தப் பின் வேலை செய்தது 20 மணித்தியாலம்தான். வடிவமைப்பு கேட்ட தரத்தில் அது செய்யப்படவில்லை என்ற சந்தேகம் உடனே எழுந்தது. வேறொரு பெல் 212ஐத் திறந்து பார்த்தபோது, 29 மணித்தியாலமே பாவித்த இன்னொரு பின் உருக்குலைந்திருந்தது. அடுத்த மாதமே கனடாவும் அமெரிக்காவும் அவசர ஆணை பிறப்பித்தன: சந்தேகத்துக்குரிய பின்களைக் கழற்றாமல் அந்த ஹெலிகள் மறுபடி பறக்கக் கூடாது.