வெள்ளத்தில் வாகனம் சிக்கினால்

வடகிழக்குப் பருவமழையில் திருப்போரூர் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழியும்போது, தாழ்வான சாலைகளில் நீர் பெருகுவதுண்டு. சிகிச்சைக்குக் குறித்த நேரம் தவறுமே என்னும் அச்சத்தால் அந்நீரில் வாகனத்தை இறக்க வேண்டாம். எங்களிடம் தெரிவியுங்கள், வேறு நேரம் குறித்துத் தருவோம்.

2021 செப்டம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் இரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி, அரசு மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ 30 செ.மீ. நீரே சிறிய காரை மிதக்கச் செய்யவல்லது, 60 செ.மீ. ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும்.

சிக்கிக்கொண்டால், நீர் சன்னலை எட்டுமுன் வெளியேறுவதே உயிர் காக்கும். வெளிநீரின் அழுத்தத்தால் கதவைத் திறப்பது அரிது. மின்விசைச் சன்னலும் விரைவில் செயலிழக்கலாம். ஆதலால் சீட் பெல்ட்டைக் கழற்றி, உடனே சன்னலை இறக்குங்கள். இறங்காவிடில், பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூரிய உலோகப் பொருளால் தாக்குங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது. குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். பையையும் மருத்துவக் கோப்புகளையும் தேடி நிற்க வேண்டாம். அவற்றை மீண்டும் பெறலாம். நீரோட்டம் கடுமையாயின் வாகனக் கூரைமீது ஏறிக்கொள்ளுங்கள். வெளியேறிய பின்னர் 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள்.

மீட்கப்பட்டவர்க்கு இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றினால், சில மணி நேரம் கழிந்திருப்பினும் தாமதியாது அழைத்து வாருங்கள். நுரையீரலுள் புகுந்த நீர் பின்னரும் தீங்கு விளைவிக்கும்.