இடம் கிடைத்தது, பேச நேரம் கிடைக்குமா?

புது தில்லி: உயர் கல்வி குறித்து நாடாளுமன்றத்தில் எழும் வினாக்களில் பெரும்பாலானவை எண்ணிக்கையைப் பற்றியவை. எத்தனை இடங்கள், எத்தனை பணியிடங்கள் காலி என்று உறுப்பினர்கள் கேட்கின்றனர். அமைச்சர்கள் அட்டவணைகளை அவையில் வைக்கின்றனர். இடம் பெற்ற மாணவர் வகுப்பறையில் வாய் திறக்கிறாரா என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

தில்லி பல்கலைக்கழகத்தில் இந்த வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு வழங்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் உறுதி செய்தது. பிகார் கிராமத்தில் இந்தி வழியில் படித்தவரும், தலைநகரின் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவரும் இன்று ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். ஆனால், அருகருகே அமர்வதாலேயே அவர்கள் ஒரு வகுப்பாகிவிடுவதில்லை.

அவர்களை ஒன்றுசேர்ப்பது 'டுடோரியல்' வகுப்பு. தமிழகத்தில் இச்சொல் தேர்வில் தவறியோருக்கான தனிப்பயிற்சியைக் குறிக்கும். இங்கோ, விரிவுரைக்குப் புறம்பாக மாணவர்கள் சிறு குழுக்களாக ஆசிரியருடன் அமர்ந்து விவாதிக்கும் நேரம் அது. எழுதிய கட்டுரையை அங்கே வாசிக்கலாம். புரியாததைக் கூச்சமின்றிக் கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் இந்தியில் தொடரலாம். ஆசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும். வராதவர் ஏன் வரவில்லை என்பதும் தெரியவரும்.

நான்காண்டுப் பட்டப்படிப்பு 2022-ல் அறிமுகமானதை அடுத்து, இளநிலை வகுப்புகளில் விரிவுரைக்கு 60 பேர், டுடோரியலுக்கு 30 பேர் எனப் பல்கலைக்கழகம் வரையறுத்தது. ஆசிரியர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. கணக்கு எளிது. ஒரு மணி நேர வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் தலைக்கு ஆறு நிமிடம்; முப்பது பேர் என்றால் இரண்டே நிமிடம்.

குழு பெரிதானால் ஆசிரியர் தேவை குறையும், செலவும் குறையும். இழப்பு யாருக்கு? ஆங்கிலம் சரளமாக வருபவர் 60 பேர் நடுவிலும் பேசிவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவரோ மூன்றாண்டுகளையும் மௌனமாகவே கழித்துவிடக்கூடும்.

உயர் கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 28.4 சதவீதம். 2035-க்குள் அதை 50 சதவீதமாக்குவது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. வருவோர் பெருகத்தான் வேண்டும். வந்தவரின் குரல் கேட்கவும் வேண்டும்.

"ஒரு டுடோரியல் குழுவில் எத்தனை மாணவர்?" என்று அடுத்த கூட்டத்தொடரில் எவரேனும் கேட்பார்களா? அதுவும் எண்ணிக்கை பற்றிய வினாதான். ஆனால், சட்டம் திறந்துவிட்ட கதவு வகுப்பறைக்குள்ளும் திறந்திருக்கிறதா என்பதை அதன் விடை சொல்லிவிடும்.