குச்சி பொம்மை போட்டு விளக்கிய கேப்டன்: இராக்கின் ரமாடியில் அமெரிக்க ராணுவத்தை பழங்குடிகள் நம்பியது எப்படி?

ஆபீஸில் பவர்பாயிண்ட் போட்டுப் போட்டு அலுத்துப்போனவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

2006-ல் இராக்கின் அன்பார் மாகாணத்தில் பணியில் இருந்த டிராவிஸ் பேட்ரிக்வின் என்ற அமெரிக்க ராணுவ கேப்டன், 18 ஸ்லைடுகளில் ஒரு பிரசன்டேஷன் தயாரித்தார். கலர் கலராக கிராஃப் எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் வரைகிற மாதிரி குச்சிக் கை, குச்சிக் கால் பொம்மைகள்தான். தலைப்பு, அன்பாரில் ஜெயிப்பது எப்படி?

அதில் ஜோ என்று ஒரு சிப்பாய். எதிரே நிற்கும் இராக்கியர் நல்லவரா, தீவிரவாதியா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊர் ஷேக்குக்குத் தெரியும். 14,000 வருஷமாக அந்த ஜனங்களை வழிநடத்துவது ஷேக்குகள்தான் என்கிறது ஒரு ஸ்லைடு (கொஞ்சம் மிகைதான்). அவரிடம் போய்ப் பேசு, அவருடைய ஆட்களைப் போலீஸில் சேர், அவர்கள் பக்கத்தில் நில். விஷயம் அவ்வளவுதான். கடைசியில் ஜோ மீசை வளர்க்கிறான், மீசை இல்லாதவனை அங்கே நம்புவது கஷ்டம் என்று புரிந்துகொண்டு. மீசையின் மகிமையை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை!

சிரிப்பாக இருக்கலாம். அந்த நேரத்து அன்பாரில் சிரிக்க எதுவும் இல்லை.

கைவிடப்பட்ட ஊர்

பாக்தாத்துக்கு மேற்கே சுமார் 110 கி.மீ. தூரத்தில், யூப்ரடீஸ் நதிக்கரையில் இருக்கிறது ரமாடி. அன்பாரின் தலைநகர், சுன்னி பழங்குடிகளின் மண். 2006-ல் ஊரின் பெரும்பகுதி இராக் அல் கொய்தாவின் பிடியில் இருந்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்க மரைன் படையின் உளவு அதிகாரி ஒருவர் எழுதிய ரகசிய அறிக்கை, அன்பார் கிட்டத்தட்ட கைவிட்டுப் போய்விட்டது என்ற தொனியில் இருந்தது. அடுத்த மாதமே அது பத்திரிகையில் கசிந்தது.

பழங்குடிகள் அதற்கு முன்பே ஒருமுறை அல் கொய்தாவை எதிர்த்துப் பார்த்தவர்கள்தான். 2006 ஜனவரி 5-ம் தேதி, ரமாடி கண்ணாடித் தொழிற்சாலையில் போலீஸ் வேலைக்காக வரிசையில் நின்ற இளைஞர்கள் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. பல பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு எதிர்ப்பை முன்னெடுத்த தலைவர்களும் கொல்லப்பட்டார்கள்.

அமெரிக்கர்களோ "நாங்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷேக்குகள் போட்ட கணக்கு எளிமையானது. இவங்க நாளைக்குப் போயிடுவாங்க, அவங்க இங்கேயேதான் இருப்பாங்க.

என்ன மாறியது?

2006 ஜூனில் கர்னல் ஷான் மெக்ஃபார்லாண்ட் தலைமையில் ஒரு படைப்பிரிவு ரமாடிக்கு வந்தது. ஊருக்கு வெளியே பெரிய முகாமில் உட்காராமல், ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன காவல் நிலைகளை அமைத்தார்கள். ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பேச்சும் மாறியது: ஜெயிக்கிற வரைக்கும் இங்கேதான் இருப்போம். போலீஸில் சேருகிறவர்கள் சொந்த ஏரியாவிலேயே வேலை பார்க்கலாம் என்றார்கள். இது சின்ன விஷயம் கிடையாது. வீட்டை விட்டுட்டு வேற ஊருக்கு டியூட்டிக்குப் போனால், வீட்டில் இருப்பவர்களை யார் காப்பாற்றுவது?

பேட்ரிக்வின் அரபி பேசுவார். ஷேக்குகளின் வீடுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார். அவரை அவர்கள் ஹிஷாம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்படி நெருக்கமானவர்களில் முக்கியமானவர் ஷேக் அப்துல் சத்தார் அபு ரிஷா. தந்தையையும் மூன்று சகோதரர்களையும் அல் கொய்தாவிடம் பறிகொடுத்தவர். அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. கடத்தல், நெடுஞ்சாலைக் கொள்ளை என்று அவர் மேல் நிறைய பேச்சு இருந்தது. அதெல்லாம் தெரிந்துதான் கைகோத்தார்கள்.

ஆகஸ்டில் அபு அலி ஜாசிம் என்ற ஷேக்கைக் கொன்ற அல் கொய்தா, உடலைக் குடும்பத்திடம் தராமல் ஒளித்துவைத்தது. சீக்கிரம் அடக்கம் செய்வது இஸ்லாமிய மரபு. அதையே மீறியதில் பழங்குடிகள் கொதித்துப்போனார்கள். செப்டம்பரில் சத்தார் தலைமையில் 'சஹ்வா', அதாவது விழிப்பு இயக்கம், அறிவிக்கப்பட்டது. அவர் வீட்டு வாசலில் காவலுக்கு அமெரிக்க டாங்கி நின்றது.

சூஃபியாவின் ஒரு நாள்

உண்மையான பரீட்சை நவம்பர் 25-ம் தேதி வந்தது. ரமாடிக்குக் கிழக்கே சூஃபியா என்ற பகுதி. அங்கே அல்பு சோடா பழங்குடியின் ஷேக் ஜாசிம், அல் கொய்தா உள்ளே வராதபடி தன் ஆட்களை வைத்து சோதனைச் சாவடிகள் போட்டிருந்தார். அவர் அதுவரை சஹ்வாவில் சேரவில்லை. அமெரிக்கர்களின் கூட்டாளி என்றும் சொல்ல முடியாது.

அன்றைக்கு அல் கொய்தா பெரும் கூட்டமாக வந்து தாக்கியது. வீடுகள் எரிந்தன. அமெரிக்கர்களுக்கு உதவி கேட்டுத் தகவல் போனது. யார் நம்மாள், யார் எதிரி என்று வானத்திலிருந்து தெரியவில்லை. சேராதவர்களுக்காக எதற்கு ரிஸ்க் என்று விட்டிருக்கலாம். மெக்ஃபார்லாண்ட் வேறு வேலையில் இருந்த படைகளைத் திருப்பிவிட்டார். முதலில் விமானங்கள் தாழப் பறந்து மிரட்டின. தாக்க வந்தவர்கள், செத்தவர்களின் உடல்களைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எது எதிரியின் கார் என்று அந்தக் கொடூரமே காட்டிக்கொடுத்தது. ராத்திரிக்குள் டாங்கிகள் சூஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அல்பு சோடா சஹ்வா பக்கம் வந்தது.

அடுத்த இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 6-ம் தேதி, ரமாடியில் சாலையோர குண்டில் பேட்ரிக்வின் கொல்லப்பட்டார். நினைவு நிகழ்ச்சிக்கு ஷேக்குகள் வந்திருந்தார்கள்.

நட்பு மட்டுமே அன்பாரை மாற்றியது என்று சொன்னால் அது சினிமா. கடத்தல் வருமானத்தில் அல் கொய்தா கைவைத்ததும் பழங்குடிகளின் கோபத்துக்கு ஒரு காரணம். 2007-ல் கூடுதல் அமெரிக்கப் படைகளும் வந்தன. ஆனால் சூஃபியாவுக்கு டாங்கி போகாமல் இருந்திருந்தால், அத்தனை நாள் உட்கார்ந்து பேசியதற்கு என்ன மரியாதை இருந்திருக்கும்?

கைமாறிய வாக்கு

2007 செப்டம்பர் 3-ம் தேதி அன்பாருக்கு வந்த அதிபர் புஷ், சத்தாரைச் சந்தித்தார். பத்தே நாளில், ரமலான் நோன்பின் முதல் நாளன்று, சத்தார் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பிறகும் இயக்கம் வளர்ந்தது. நாடு முழுக்க சுமார் ஒரு லட்சம் பேர், மாதம் 300 டாலர் சம்பளத்தில், காவல் வேலையில் சேர்ந்தார்கள். 2008 அக்டோபரிலிருந்து அவர்களின் பொறுப்பு படிப்படியாக பாக்தாத்தில் இருந்த நூரி அல் மாலிகி அரசுக்குக் கைமாறியது. ஐந்தில் ஒருவருக்குப் பாதுகாப்புப் படைகளில் வேலை என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. வேலை இழுத்தடித்தது, சம்பளம் தாமதமானது, சிலர் கைதானார்கள். வாக்குக் கொடுத்த அமெரிக்க அதிகாரிகள் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார்கள். 2011 டிசம்பரில் மிச்சப் படையும் கிளம்பியது.

2014-ல் அன்பாருக்குள் ஐ.எஸ். நுழைந்தது. அதை எதிர்த்து நின்ற அல்பு நிம்ர் பழங்குடியில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த இலையுதிர் காலத்தில் கொல்லப்பட்டார்கள். பாக்தாத்திடம் ஆயுதம் கேட்டும் வரவில்லை என்றார்கள் அவர்களுடைய தலைவர்கள். 2015 மே மாதம் ரமாடி விழுந்தது.